கம்பளிக்குள் பதினொரு நொடி

இந்தக் கூட்டத்தைத் தலைமையேற்று நடத்தும் முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் சுபேதார் இளவரசு அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! சிதம்பரத்திலிருந்தும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் வேலை வெட்டியை விட்டுவிட்டு இந்த மஞ்சக்குப்பம் மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் பழைய கடிகார வட்டத்து நண்பர்களே! மாலை போட்ட அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ராஜமாணிக்கத்தின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடும் புஷ்பவள்ளியே, அவர்கள் மகள் சந்திரலேகாவே! மூன்றாம் வரிசையில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் சவரியம்மாள் அவர்களே! அவர் மகள் எழிலரசி டீச்சர் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

மூன்றாம் வரிசைக்கு ஏன் தனி வணக்கம் என்று சிலர் திரும்பிப் பார்க்கிறீர்கள். சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன். எனக்கு மேடைப்பேச்சு வராது, கோபம்தான் வரும். இன்று அந்தக் கோபமும் என் மேல்தான்.

என் பெயர் சுப்பிரமணியன். சிதம்பரம் கீழ வீதியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ராஜமாணிக்கம் எனக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆனால் பதினாறு வருடமாக நான் அவரை மாமா என்றேன், அவர் என்னை மச்சான் என்றார். அவர் வாயால் சொன்ன தீர்ப்பையெல்லாம் கடிதமாக அடித்துக் கொடுத்தவன் நான். கையெழுத்து அவருடையது, எழுத்து என்னுடையது. ஆகவே அவருடைய புகழில் எனக்குப் பங்கு உண்டு. அவருடைய தவற்றிலும் உண்டு.

ஹவில்தார் ராஜமாணிக்கம்! எப்பேர்ப்பட்ட மனிதர்! இருபத்துநாலு வருடம் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் கடிகாரமும் திசைகாட்டியும் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவரை இந்த ஆன்லைன் காலம் சும்மா விட்டதா? பட்டாளத்துக் கடிகாரம், போர்க்களத்துக் கடிகாரம், விமானி கட்டிய கடிகாரம் என்று போனில் படம் போட்டு விற்கிறார்கள். நம் ஆட்களும் ஆசைப்பட்டு வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய பிறகுதான் சந்தேகம் வரும். உடனே எங்கே ஓடி வருவார்கள்? மஞ்சக்குப்பத்துக்கு, ராஜமாணிக்கம் வீட்டுக்கு. ஒருவரையாவது அவர் திருப்பி அனுப்பியிருக்கிறாரா? ஒரு காபிக்காவது கை நீட்டியிருக்கிறாரா?

ஸ்ரீமுஷ்ணம் அருண்பாண்டியன் இங்கேதான் இருக்கிறார், சிரிக்கிறார், சிரிக்கட்டும். உலகப் போர் விமானியின் கடிகாரம் என்று ஒன்றை வாங்கி, மூன்று கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டு, அதன் பிறகு கொண்டுவந்து காட்டினார். மாமா லென்ஸைக் கண்ணில் மாட்டி முதுகைப் பார்த்தார். முதுகெல்லாம் கீறல். அந்தக் கீறல்களின் மேல் ராணுவ நம்பர் பளிச்சென்று வெட்டியிருந்தது. "ஒழைச்ச கடிகாரத்துல நம்பர் மேலதான் கீறல் இருக்கும். இதுல கீறல் மேல நம்பர் இருக்குது. கல்யாணத்துக்குத் தாராளமா கட்டுங்க, சண்டைக்கு மட்டும் போயிடாதீங்க" என்றார். அருண்பாண்டியனுக்கு முகம் விழுந்தாலும் மனம் நோகவில்லை. அப்படிச் சொல்லத் தெரிந்தவர்.

நம்பரைப் பார்ப்பார். வார் மாட்டும் கம்பியைப் பார்ப்பார். பட்டாளத்தில் அந்தக் கம்பியைக் கழற்ற முடியாதபடி பற்றவைத்திருப்பார்கள், ஓடும்போது கடிகாரம் விழுந்துவிடக் கூடாதே! எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் கம்பளியை எடுப்பார். இதோ, இந்த மேசை மேல் மடித்து வைத்திருக்கிறேனே, இதே கறுப்புக் கம்பளி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்து ராணுவக் கடிகாரத்தில் எண்களின் மேல் ரேடியம் பூசியிருப்பார்கள், இருட்டில் தெரிவதற்காக. இத்தனை வருடத்தில் அந்தப் பூச்சு செத்துப் போயிருக்கும். ஆகவே உச்சி வெயிலில் கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, தலையோடு சேர்த்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே பார்ப்பார். ஒளிரவில்லை என்றால் பழசு. ஒளிர்ந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறான், போலி. கடிகாரத்தின் சொந்தக்காரரையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்வார். இரண்டு தலை, ஒரு கம்பளி. தீர்ப்பை உள்ளேயே சொல்லிவிடுவார், வெளியே நாலு பேர் முன்னால் யாருக்கும் அவமானம் வரக் கூடாது என்று. "கம்பளிக்குள்ள பேசுனது கம்பளிக்குள்ளயே" என்பார். இது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்தை ஒரே ஒரு நாள் மீற வைத்தவன் நான்.

இரண்டு வருடத்துக்கு முன், தை மாதம், சிதம்பரத்தில் நம் வட்டத்தின் கூட்டம். லாட்ஜ் மண்டபம், நாற்பது பேர், இலை போடத் தயாராக இருக்கிறது. அந்த நேரத்தில் திட்டக்குடிப் பக்கமிருந்து மூன்று பேர் வந்தார்கள். சவரியம்மாள், எழிலரசி டீச்சர், டீச்சரின் மகன் சித்தார்த். ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் ஒரு கடிகாரம்.

சவரியம்மாளின் கணவர் சாமிக்கண்ணு, பட்டாளத்தில் நாயக். எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் காணாமல் போனவர். செத்தார் என்று யாரும் கண்ணால் பார்க்கவில்லை, உடலும் வரவில்லை. அவர் அதற்கு முந்திய வருடம் எழுதிய கடிதம் ஒன்றை அந்த அம்மா பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கடிகாரம் தொலைந்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், ஆகவே அதன் நம்பரைக் குறித்து வைத்துக்கொள் என்று எழுதியிருந்தார். அந்த நம்பரை ஐம்பது வருடமாக அந்த அம்மா மனப்பாடமாக வைத்திருந்தார். பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும்போது அதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பேரன் ஒரு நாள் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, விற்பனைக்கு வந்திருந்த ஒரு கடிகாரத்தின் முதுகில் அதே நம்பரைப் பார்த்துவிட்டான், உடனே பணம் கட்டி வரவழைத்துவிட்டார்கள்.

அது உண்மையான கடிகாரம் என்றால் என்ன, போலி என்றால் என்ன? மற்றவர்களுக்கு அது கௌரவம், ஏமாற்றம், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு? மாமா கேட்டதற்கு அவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அது அவருதுன்னா, அவுரு கையில இருந்து கழட்டியிருக்காங்க. உசுரோட இருந்தா கழட்ட விடமாட்டாரு. நான் கோயில்ல இறந்தவங்க பூசை வச்சிடுவேன். அவருது இல்லன்னா, நான் பாட்டுக்கு இருந்துட்டுப் போறேன்."

வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் அவருக்கு ஒரு வேட்டி எடுக்கிறார்கள். டிரங்குப் பெட்டி நிறைய, மடிப்புக் கலையாத வேட்டி. கல்லறைத் திருநாளன்று கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். சாமிக்கண்ணுவின் பெயரை அந்த அம்மா எழுதிக் கொடுத்ததே இல்லை. இதையெல்லாம் டீச்சர் ஒதுக்குப்புறமாக என்னிடம் சொன்னார். அம்மா எந்தப் பக்கமாவது நிம்மதி அடைய வேண்டும் என்றார்.

மாமா கடிகாரத்தை வாங்கினார். நம்பரைப் பார்த்தார். நம்பர் மேல் கீறல், சரி. கம்பி பற்றவைத்தது, சரி. மாடி வெயிலில் வைத்து எடுத்துவந்து, அந்த அம்மாவையும் கூப்பிட்டு, இரண்டு பேரும் கம்பளிக்குள் போனார்கள்.

நண்பர்களே! நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? சமையல்காரர் என்னை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். சோறு ஆறுகிறது, நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். எனக்குப் பொறுமை கிடையாது, உங்களுக்குத் தெரியும். "ஒளிருதா இல்லையா மாமா? அதச் சொல்லிட்டு வாங்க" என்று கம்பளியின் முனையைப் பிடித்து இழுத்துவிட்டேன். உள்ளே போய் மூன்று நொடி இருக்குமா? அவ்வளவுதான். மாமா வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஒளிருது" என்றார். நான் உடனே கூட்டத்தைப் பார்த்து, "போலி" என்று அறிவித்தேன்.

கம்பளிக்குள் இருக்க வேண்டிய தீர்ப்பை நாற்பது பேர் முன்னால் நான் கூவினேன். அந்த அம்மா சிரித்தார். ஆமாம், சிரித்தார்! ஐம்பது வருடம் குறைந்த மாதிரி ஒரு சிரிப்பு. "அப்ப அவரு கழட்டல" என்றார். அதைப் பார்த்து நாற்பது பேரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். சித்தார்த் மட்டும் கைதட்டவில்லை. தாத்தாவின் நம்பர் போலிக்காரனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். அந்த வரிசையில் ஆயிரம் நம்பர் இருக்கிறது, ஒன்று தற்செயலாக அமையாதா என்று நான் அவன் வாயை அடைத்தேன். ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பினால்தான் விற்றவன் வாங்கிக்கொள்வான் என்றார்கள். நான் மறுநாளே கடிதம் அடித்தேன், மாமா கையெழுத்துப் போட்டார், கடிகாரம் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து மாமா போன் செய்தார். உடனே வா என்றார். போனேன். சிதம்பரம் கூட்டத்தில் அந்தக் கடிகாரத்தை நான் எடுத்த படத்தைச் சந்திரலேகாவின் டேப்லெட்டில் பெரிதாக்கி வைத்திருந்தார். ஏழு என்ற எண்ணைக் காட்டினார். அதன் பூச்சில், இடது பக்கமாக ஒரு சின்ன வால் இழுத்திருந்தது. அப்புறம் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்தார். பட்டாளத்தில் அவர் கட்டியது. அதன் ஏழிலும் அதே வால்.

மாமா இடது கைக்காரர். எழுபதாம் வருடம் ரேடியம் ஆபத்து, சுரண்டி எடுத்துவிட்டு வேறு பூச்சுப் பூசு என்று உத்தரவு வந்ததாம். இரண்டு மாதம் உட்கார்ந்து, நானூறு கடிகாரத்துக்குத் தன் கையாலேயே பூசியிருக்கிறார். அதை அவர் சுத்தமாக மறந்துவிட்டார். ஐம்பது வருடம் ஆயிற்றே! தன்னுடைய கடிகாரத்தை யார் கம்பளிக்குள் கொண்டுபோய்ச் சோதிப்பார்கள்? அன்றுதான் முதல் முறையாகச் சோதித்தார். வெயிலில் வைத்து எடுத்து, என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டார். மங்கலான பச்சை. அவர் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்றில் அது அணைந்துவிட்டது. புதுப் பூச்சு என்றால் ஒரு மணி நேரம் எரியும். செத்த ரேடியம் என்றால் ஒளிராது. இது இரண்டும் இல்லை. இது பதினொரு நொடி மட்டும் எரிந்து அணைகிற பூச்சு, ராஜமாணிக்கத்தின் பூச்சு!

 அந்த இருட்டிலேயே சொன்னார். "மச்சான், அது என் கைதான். என் கையையே திருட்டுக் கைன்னு சொல்லிப்புட்டேன்."

இல்லை மாமா! உங்கள் கை சொல்லவில்லை. இன்னும் எட்டு நொடி விட்டிருந்தால் அது அணைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏன் அணைகிறது என்று யோசித்திருப்பீர்கள். அந்த எட்டு நொடியை நான்தான் இழுத்துப் போட்டேன், ஆறிப்போகிற சோற்றுக்காக.

அடுத்த பஸ்ஸிலேயே திட்டக்குடி போகிறேன் என்று எழுந்தார். நான் தடுத்தேன். "வெறுங்கையோட போயி என்னா சொல்லுவீங்க? மொதல்ல கடிகாரத்தத் தேடுவோம். கம்பளிக்குள்ள பேசுனது கம்பளிக்குள்ளயே இருக்கட்டும்" என்றேன். அவருடைய சட்டத்தை எடுத்து அவர் வாயிலேயே அடைத்தேன். அந்த அம்மா சந்தோஷமாகத்தானே இருக்கிறார், இருக்கட்டுமே என்று வேறு சொன்னேன். உண்மை என்ன? எனக்குப் பயம். நாற்பது பேர் முன்னால் கூவியவன் அதே நாற்பது பேர் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்ற பயம்.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு! விற்றவன் அடுத்த வாரமே அதை வேறு யாருக்கோ விற்றுவிட்டான். அப்புறம் அவன் கணக்கையே மூடிவிட்டான். ஒன்றே கால் வருடம் தேடினோம். நாக்பூரில் ஒரு பல் மருத்துவர் தன் சேகரிப்பைப் படம் போட்டிருந்தார். அதில் அந்த நம்பர் இருந்தது. மாமா தன் கைப்பட அவருக்கு எழுதினார். அவர் கொடுக்க மாட்டேன் என்றார். மறுபடி எழுதினார். மறுபடியும் மாட்டேன். மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை.

அக்கா புஷ்பவள்ளி இதைச் சொல்ல எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். கடைசி ஆறு மாதம் மாமா தினமும் உச்சி வெயிலில் கம்பளிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார். கையில் சில நாள் அவருடைய கடிகாரம் இருக்கும், சில நாள் ஒன்றும் இருக்காது. அக்கா கேட்டிருக்கிறார், ஒன்றும் இல்லாமல் என்னத்தைப் பார்க்கிறீர்கள் என்று. "அந்த ஏழு தெரியுது புஷ்பா" என்றாராம். என்ன பேச்சு இது என்று நான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு நினைக்கவில்லை. என் கடையில் ஜெராக்ஸ் மெஷின் மூடிக்கு அடியில் அந்தப் பச்சை வெளிச்சம் ஓடும்போதெல்லாம் எனக்கும் தெரிகிறது. வாடிக்கையாளர் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பார், நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றுக்கு மேல் எனக்கு எண்ண வராது.

போன மாதம் பதினெட்டாம் தேதி, பன்னிரண்டரை மணிக்குக் கம்பளிக்குள் போனவர் வெளியே வரவில்லை. சோதிக்கிறார் என்றுதான் அக்கா நினைத்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுக் கம்பளியை விலக்கியிருக்கிறார். கடிகாரம் கையில் இருந்திருக்கிறது. அவர் இல்லை.

சந்திரலேகா அந்த நாக்பூர் மருத்துவருக்குச் செய்தி அனுப்பினாள். ஒன்பதாம் நாள் ஒரு பார்சல் வந்தது. உள்ளே கடிகாரமும் ஒரு துண்டுச் சீட்டும். கடிதம் எழுதியவரே போய்விட்டார், இனிமேல் மறுக்க என் மனம் இடம் தரவில்லை என்று எழுதியிருந்தார். பார்சலின் மேல் பெறுநர் பெயர் என்ன தெரியுமா? ஹவில்தார் ராஜமாணிக்கம்! ஒன்பது நாள் தாமதம். நான் தடுக்காமல் இருந்திருந்தால், அன்றைக்கே அவர் அந்த அம்மாவின் காலில் விழுந்தாவது தன் மனப்பாரத்தை இறக்கி வைத்திருப்பார். அதற்கும் நான் வழிவிடவில்லை.

இன்று காலை எழிலரசி டீச்சரை வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். தனியாக ஓர் அறையில் வைத்து அம்மாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "போலின்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க சார்." அதைவிட நியாயமான வார்த்தையை நான் கேட்டதில்லை.

வட்டத்து நண்பர்களே! ராஜமாணிக்கம் விட்டுப்போன வேலையை நாம் விடப் போவதில்லை. இனியும் ஆட்கள் வருவார்கள், ஆசையோடு ஏமாந்து, பெட்டியோடு வருவார்கள். நாம் பார்த்துச் சொல்வோம். ஆனால் அவர் படத்தின் முன்னால் ஓர் உறுதி எடுத்துக்கொள்வோம். கம்பளியை யாரும் வெளியிலிருந்து இழுக்க மாட்டோம். உள்ளே வெளிச்சம் அணையும்வரை எண்ணுவோம். தவறு செய்தால், வெறுங்கையோடாவது போய்ச் சொல்வோம். அன்றைக்கே சொல்வோம்.

இப்போது மூன்றாம் வரிசைக்கு வருகிறேன்.

சவரியம்மாள் அவர்களே! அம்மா! அந்தக் கடிகாரம் போலி இல்லை. அது உங்கள் வீட்டுக்காரர் நாயக் சாமிக்கண்ணுவின் கடிகாரம். நீங்கள் மனப்பாடம் செய்த அதே நம்பர். ராஜமாணிக்கம் தன் இடது கையால் பூசிய அதே ஏழு. உங்களிடம் பொய் சொன்னது கடிகாரம் இல்லை, இந்தச் சுப்பிரமணியன். ஐம்பது வருடம் நீங்கள் காத்திருந்தீர்கள், அதற்கு மேல் இரண்டு வருடத்தை நான் சேர்த்துவிட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உங்களுக்குப் பக்கத்து ஜன்னலில், வெயில் விழுகிற இடத்தில், ஒரு வெள்ளைத் துணி மேல் கூட்டம் தொடங்கியதிலிருந்து அது இருக்கிறது. சந்திரலேகா அதை எடுத்து உங்கள் கையில் தருவாள். கம்பளியை நான் கொண்டுவருகிறேன். உள்ளே யாரும் வர மாட்டார்கள். நீங்களும் அதுவும் மட்டும்.

அதன் பிறகு மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நிற்போம். ஒரு பெயரைச் சொல்லி நிற்பதா, இரண்டு பெயரைச் சொல்லி நிற்பதா என்பதை நீங்கள் வெளியே வந்து சொல்லுங்கள். நீங்கள் ஒன்று என்று சொன்னாலும் யாரும் உங்களை மறுத்துப் பேச மாட்டோம்.

வெளியே இலை போட்டாயிற்று. சோறு ஆறட்டும். அது பதினொரு நொடிதான் எரியும், ஆனால் நீங்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உள்ளே இருங்கள் அம்மா. இந்த முறை கம்பளியை நான் இழுக்க மாட்டேன்.